டாக்டர் பல்பு: இடம் கேட்ட மருத்துவர்

மருத்துவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்வதும், அச்சங்கத்தின் ஆட்சிக் குழுவில் ஓரிடம் வேண்டித் தேர்தலில் நிற்பதும் இன்று நமக்குப் புதியன அல்ல. கண் மருத்துவர், பல் மருத்துவர், குழந்தை மருத்துவர் எனத் தனித்தனியே சங்கங்கள் பெருகிவிட்டன. இந்திய மருத்துவச் சங்கம் 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய மாநாட்டில் தோன்றியது. இன்று எந்த ஊர் மருத்துவரும் தம் தகுதியைச் சொல்லி வாக்குக் கேட்கலாம். வென்றால் மேடையில் அமரலாம். தோற்றால் அடுத்த ஆண்டு மீண்டும் முயலலாம்.

ஆனால் நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில், மேடையில் அன்று, வகுப்பறையின் கடைசிப் பலகையிலேனும் ஓரிடம் கொடுங்கள் என்று கேட்ட ஓர் இளைஞருக்கு அதுவும் மறுக்கப்பெற்ற காலம் ஒன்று இருந்தது. அவ்விளைஞரே பிற்காலத்தில் டாக்டர் பத்மநாபன் பல்பு என்று நாடறிந்த பெருமகனார் ஆனார். அவர்தம் வாழ்வை நம் சங்கத்து ஆண்டு மலரில் எடுத்துரைப்பது பொருத்தமே என்று கருதுகின்றோம். அவர் பிறந்த ஊர் நாம் குடியேறிய ஊர்; அவர் குடியேறிப் படித்த ஊரோ நம் சென்னை. இரண்டையும் சேர்த்து எண்ணும்போது, நமக்கு ஆறுதல் தரும் செய்தியும் கிடைக்கும். நம்மைச் சற்றே தலைகுனியச் செய்யும் செய்தியும் கிடைக்கும்.

பிறப்பும் இளமையும்

திருவனந்தபுரம் பேட்டைப் பகுதியில் 1863ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பல்பு பிறந்தார். அவர் குடும்பம் ஈழவர் குலத்தைச் சேர்ந்தது. அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர் தொகையால் பெரியவர், உரிமையால் சிறியவர். உயர்ந்தோர் எனப்பட்டோர் முன்னிலையில் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. அரசுப் பள்ளிகள் பலவற்றின் கதவும் அவ்வாறே அடைபட்டிருந்தது. அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்பது அவர்களுக்கு எட்டாத கனி.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறத்தலாகாது. மருத்துவம் ஈழவர்க்குப் புதிய தொழில் அன்று. ஆயுர்வேத வைத்தியர் பலர் அக்குலத்தில் வழிவழியாக வாழ்ந்தனர். கொச்சியில் ஆட்சி புரிந்த ஒல்லாந்தத் தலைவர் வான் ரீடு மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு பெருந்தொகுதிகளைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்நூலுக்கு மூலிகை அறிவை வாரி வழங்கியவருள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே குலத்து மாணவர் ஒருவர் மேனாட்டு மருத்துவம் கற்க விரும்பியபோது, அது அவருக்கு ஏற்ற தொழில் அன்று என்று கதவு சாத்தப்பட்டது. காலம் முன்னே சென்றால் மனமும் உடன் செல்லும் என்று நாம் எண்ணுவது எத்துணைத் தவறு!

பல்புவின் தமையனார் வேலாயுதன் என்பார் பட்டம் பெற்றவர். ஈழவருள் பட்டம் பெற்ற முன்னோடிகளுள் ஒருவர் அவர். அவருக்குத் திருவிதாங்கூர் அரசில் வேலை கிட்டவில்லை. சென்னை அரசாங்கத்தின் பணியையே அவர் நாட வேண்டியதாயிற்று. வீட்டில் மூத்தவர்க்கு நேர்ந்ததைக் கண்ணாரக் கண்டும் இளையவர் கல்வியைக் கைவிடவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர், மருத்துவப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கத் திருவிதாங்கூர் அரசு நடத்திய தேர்வையும் எழுதினார், தேறினார். ஆயினும் இடம் கிடைக்கவில்லை. வெளியே சொல்லப்பட்ட காரணம் எதுவாயினும் உள்ளே இருந்த காரணம் சாதி ஒன்றே.

சென்னை தந்த இடம்

மருத்துவர் என்பவர் நோயாளியைத் தொட வேண்டியவர். நாடி பார்க்க வேண்டும். புண்ணைக் கழுவ வேண்டும். கண்ணிமையை விலக்கிப் பார்க்க வேண்டும். ஈழவர் ஒருவர் மருத்துவரானால் உயர்குலத்தார் அவர் கையால் மருந்து உண்ண நேரும். இதுவே அன்றைய அதிகாரிகளின் அச்சம். நோய் எவரைத் தொட்டாலும் அதற்குத் தீட்டில்லை. நோயைப் போக்கும் கைக்கு மட்டும் தீட்டு உண்டு என்பது அவர்தம் நியாயம்.

பல்பு மனம் தளராமல் சென்னைக்குப் புறப்பட்டார். கையில் பொருள் இல்லை. வீட்டார் அரிதின் முயன்று அனுப்பினர். 1835இல் பள்ளியாகத் தொடங்கிப் பின் கல்லூரியாக உயர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அக்கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்ட பெருமை உடையது. அங்கே சாதி வேற்றுமை அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும் தேர்வுத்தாள் முன்னே வந்தது, குலம் பின்னே சென்றது. பல்பு அங்கு எல்.எம்.எஸ். பட்டம் பெற்று மருத்துவராக வெளிவந்தார்.

பட்டத்தோடு பிறந்த ஊருக்கு வந்தவரைப் பிறந்த ஊர் மீண்டும் புறக்கணித்தது. படிக்க இடம் தராத அரசு, படித்து வந்த பின்னும் பணியில் இடம் தரவில்லை. முதல் மறுப்புக்குத் தகுதி இன்னும் வரவில்லை என்றேனும் சமாதானம் சொல்லலாம். இரண்டாம் மறுப்புக்கு எந்தச் சமாதானமும் இல்லை. பிழைப்பைத் தேடி அவர் மீண்டும் வெளியேறினார். மைசூர் அரசு அவரை மருத்துவப் பணியில் அமர்த்திக்கொண்டது.

அம்மையும் கொள்ளைநோயும்

பெங்களூரில் பல்பு ஆற்றிய பணி அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தைச் சார்ந்தது. இன்றைய இளையோர் பெரியம்மையைப் பார்த்ததில்லை. இந்தியாவில் கடைசியாக 1975இல் அந்நோய் கண்டது. 1980இல் உலகம் முழுவதும் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது. ஆனால் பல்புவின் காலத்தில் அது ஊர் ஊராகப் புகுந்து உயிரைக் கொண்டு போகும். உயிரை விட்டுவைத்தால் கண்ணைக் கொண்டு போகும். அந்நாளில் பார்வை இழந்தோர் பலருக்கு அப்பெரும்பிணியே காரணம்.

தொடக்கத்தில் அம்மை குத்தும் முறை, ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து மற்றொருவர் கையில் இடுவதாக இருந்தது. அதனால் வேறு நோய்கள் பரவும் அச்சமும் இருந்தது. எந்தச் சாதியார் கையிலிருந்து எடுத்தது என்ற பூசலும் எழுந்தது. ஆகவே கன்றுகளின் உடலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறை பரவியது. அப்பால் வெப்பத்தில் எளிதில் கெடும். அதைத் தூய்மையாக எடுத்து, வீரியம் குன்றாமல் காத்து, நெடுந்தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு அனுப்புவது நுட்பமான வேலை. பல்பு அவ்வேலையில் வல்லவரானார். திருவிதாங்கூரில் ஒருவர் நாடியைத் தொடவும் ஆகாதவர் என்று கருதப்பட்டவர், மைசூர் நாட்டில் எல்லாக் குலத்துக் குழந்தைகளையும் காக்கும் மருந்தைத் தம் மேற்பார்வையில் உண்டாக்கினார்.

1898ஆம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. ஊரை விட்டு ஓட இயன்றோர் ஓடினர். பல்பு நோயாளர் முகாம்களில் நின்று பணியாற்றினார். அக்காலத்தில் அந்நோய்க்கு இன்றுள்ளவை போன்ற மருந்துகள் கிடையா. நோயாளரைப் பிரித்து வைப்பதும், வீடுகளைத் தூய்மை செய்வதும், பிணங்களை முறைப்படி அப்புறப்படுத்துவதும், அஞ்சிய மக்களை அமைதிப்படுத்துவதுமே மருத்துவம். இவை யாவும் உயிருக்கு இறுதி வரக்கூடிய பணிகள். அவற்றைச் செய்து முடித்த அவர், பின்னர் மைசூர் அரசின் உதவியுடன் இங்கிலாந்து சென்று பொதுச் சுகாதாரக் கல்வியும் பெற்றுத் திரும்பினார்.

விண்ணப்பங்களின் வரலாறு

அயலூரில் நல்ல வேலையும் மதிப்பும் கிடைத்துவிட்டால் நம்மில் பலர் பழைய புண்ணை மறந்துவிடுவோம். பல்பு மறக்கவில்லை. தமக்கு வேண்டியது கிடைத்த பின்னரும், தம்மைப் போன்றோர்க்குக் கிடைக்க வேண்டியதைப் பற்றியே எண்ணினார்.

1891ஆம் ஆண்டு சனவரியில் மலையாளி விண்ணப்பம் என்று பெயர் பெற்ற ஒரு மனு மூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பெற்றது. கே. பி. சங்கர மேனோன், ஜி. பரமேசுவரன் பிள்ளை முதலியோர் அதனை முன்னின்று நடத்தினர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பம் இட்டனர். பல்புவும் முன்வரிசையில் இட்டார். அம்மனுவின் குறை யாது? திருவிதாங்கூரின் உயர்ந்த அரசுப் பதவிகள் வெளியிலிருந்து வந்தோர் கையில் இருக்கின்றன, மண்ணின் மக்களுக்கு அவற்றில் இடமில்லை என்பதே. வெளியிலிருந்து வந்தோர் எனப்பட்டவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிராமணர்.

இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைப்பது வரலாற்றுக்கு அழகும் அன்று. கும்பகோணத்தில் பிறந்த மாதவ ராவ் போன்ற திவான்கள் இந்நாட்டுக்குச் செய்த நன்மைகள் பல. சாலைகளும் பள்ளிகளும் மருத்துவ மனைகளும் அவர்கள் காலத்தில் பெருகின. எனினும், திறமையோடு வந்தவர் தம் சுற்றத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டு நாற்காலிகளை நிரப்பினால், வெளியே நிற்போர்க்கு வருத்தம் எழுவது இயல்பு. அதே வேளையில் மற்றோர் உண்மையும் உண்டு. அந்நாளைய திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ் பேசும் நாடார் குலத்துப் பெண்கள் தம் மார்பை மறைக்கும் உரிமைக்கே பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு அரசாணை வந்த பின்னரே அதில் வழி பிறந்தது. ஆகவே நாற்காலியில் இருந்தவரிலும் தமிழர் உண்டு. வாயிலில் நின்றவரிலும் தமிழர் உண்டு. பல்புவின் வாழ்வைப் படிக்கும் நாம் இவ்விரண்டு தமிழரையும் நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

அம்மனுவுக்கு அரசு அளித்த விடை பல்புவின் நெஞ்சைச் சுட்டது. ஈழவர் கல்வியில் பின்தங்கியவர், உழவும் கயிறு திரித்தலும் கள் இறக்குதலும் ஆகிய தம் தொழில்களிலேயே நிறைவு காண்பவர் என்னும் கருத்துப்பட அவ்விடை அமைந்தது. கல்விக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கல்வி இல்லை என்று குறை கூறுவது, கிணற்றை மூடிவிட்டுத் தாகம் உனக்குப் பழக்கமாயிற்றே என்பதை ஒக்கும். அவ்விடைக்கு மறுப்பாகப் பட்டதாரியான தமையனாரும் மருத்துவரான தம்பியும் உயிரோடு நின்றனர்.

பின்னர்ப் பல்பு தம் மக்களையே திரட்டினார். விடுமுறைகளில் ஊர்தோறும் சென்றார். சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 1896ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் 13,176 ஈழவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் மகாராஜாவுக்கு அளிக்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் சேர்க்கை வேண்டும், தகுதிக்கு ஏற்ற அரசுப் பணி வேண்டும் என்பவையே அதன் வேண்டுகோள்கள். அதில் கூறப்பெற்ற நியாயங்கள் இரண்டு. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலபாரில் இதே குலத்தார் உயர்ந்த பதவிகளில் இருக்கின்றனர். திருவிதாங்கூரில் மட்டும் தகுதி எங்ஙனம் மாறும் என்பது ஒன்று. மதம் மாறியவர்க்குக் கிடைக்கும் உரிமை, தம் மதத்திலேயே இருப்போர்க்கு ஏன் கிடையாது என்பது மற்றொன்று. இவற்றுக்கு அரசு நேரான விடை கூற இயலவில்லை. ஆயினும் வேண்டியது உடனே கிட்டவும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது பற்றி வினா எழுப்பப்பெற்றது. 1900ஆம் ஆண்டு கர்சன் பிரபுவுக்கும் விண்ணப்பம் சென்றது.

மனுவிலிருந்து மக்கள் இயக்கம்

மனு எழுதுவதால் மட்டும் கதவு திறவாது என்பதை அனுபவம் அவருக்கு உணர்த்தியது. 1892ஆம் ஆண்டு விவேகானந்த அடிகள் தென்னாடு வந்தபோது பல்பு பெங்களூரில் அவரைக் கண்டு உரையாடினார். மக்கள் மனத்தைத் தொடும் அருளாளர் ஒருவரைத் தலைமையாகக் கொண்டு இயக்கம் நடத்துக என்னும் அறிவுரை அவருக்குக் கிடைத்தது. அத்தகைய அருளாளர் திருவிதாங்கூரிலேயே இருந்தார். அவரே ஸ்ரீ நாராயண குரு. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நாட்டியவர். நாஞ்சில் நாட்டு மருத்துவமலையில் தவமிருந்தவர். தமிழிலும் பாடல்கள் இயற்றியவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழராகிய தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர் என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

1903ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பதிவு செய்யப்பெற்றது. குரு தலைவரானார். கவிஞர் குமாரன் ஆசான் செயலாளரானார். அந்த ஆசானைப் பெங்களூரில் தம் இல்லத்தில் வைத்துப் படிக்கச் செய்து, பின் கல்கத்தாவுக்கும் அனுப்ப உதவியவர் பல்புவே. குருவின் அருளும், ஆசானின் எழுத்தும், பல்புவின் செயல்திறனும் ஒன்றுகூடின. பள்ளிகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, 1905ஆம் ஆண்டு கொல்லத்தில் தொழிற் பொருட்காட்சியும் நடந்தது. கல்வியோடு தொழிலும் வளர்ந்தாலன்றி ஒரு சமூகம் நிமிராது என்பது மருத்துவராகிய பல்புவின் கணிப்பு. உடலுக்கு ஊட்டம் இன்றி மருந்து மட்டும் பயன்தராது என்பதை அவர் அறிவார் அல்லரோ!

இவ்வளவும் செய்தவர் அவ்வமைப்பின் தலைமை இருக்கையைத் தமக்கென நாடவில்லை என்பது நாம் கருத வேண்டியது. இடம் மறுக்கப்பெற்றவர், இடம் கிடைக்கும்போது முதலில் தாம் அமர விரும்புவது இயற்கை. பல்புவோ பிறரை அமர்த்திவிட்டுப் பின்னே நின்றார்.

பிற வாயில்கள்

மருத்துவத் தொழிலில் இடம் மறுத்தல் நம் நாட்டுக்கு மட்டும் உரிய குற்றம் அன்று. இங்கிலாந்தில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவர் 1873ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரானார். உடனே அச்சங்கத்தார் விழித்துக்கொண்டு, இனிப் பெண்கள் எவரும் வரலாகாது என்று கதவைச் சாத்தினர். 1892 வரை, பத்தொன்பது ஆண்டுகள், அவர் ஒருவரே அங்குப் பெண் உறுப்பினர்.

நம் திருவனந்தபுரத்திலேயே மேரி புன்னன் லூகோஸ் அம்மையார் பெண் என்ற காரணத்தால் கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பெற்று வரலாறு படித்தார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவரானார். 1938இல் திருவிதாங்கூர் மருத்துவத் துறையின் தலைமைப் பதவியே அவரை வந்தடைந்தது. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவ மனை அமைய வழிசெய்தவரும் அவரே. பல்புவுக்குத் துறையின் வாயிலும் திறக்காத நாட்டில், அவர் கண்காணவே ஒரு பெண்மணி அத்துறையின் தலைமை ஏற்றார். காலம் மாறியதன்று, மாற்றியவர் இருந்தனர்.

இறுதி நாட்கள்

பல்பு நெடுநாள் வாழ்ந்தார். 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் மூண்டதையும், அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி சிறை சென்றதையும் அவர் கண்டார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பெற்றதையும் கண்டார். நாடு விடுதலை பெற்றதையும் கண்டார். 1950ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். சட்டத்தின் முன் அனைவரும் சமம், தீண்டாமை குற்றம் என்று கூறும் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது மறுநாள். 1951ஆம் ஆண்டு இந்நகரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே கேட்ட இடம், இன்று எல்லாக் குலத்து மாணவர்க்கும் அங்கே கிடைக்கின்றது. அவர் மைந்தர் நடராஜ குரு, நாராயண குருவின் மாணாக்கராகி, நீலகிரியில் குருகுலம் நிறுவினார். அவ்வகையில் அக்குடும்பம் தமிழ் மண்ணோடு மீண்டும் உறவு கொண்டது.

நாம் கொள்ள வேண்டுவது

பிழைப்பைத் தேடி வந்த நம் முன்னோர்க்கு இந்நகரம் கரமனையில் வீடும், சாலைக் கடைத்தெருவில் வாணிகமும், அலுவலகங்களில் வேலையும் தந்தது. அதற்கு நாம் நன்றி உடையோம். அதே நகரம் தன் சொந்த மகனைப் பிழைப்புக்காகச் சென்னைக்கும் மைசூருக்கும் அனுப்பியது. வந்தவர் அமர்ந்த நாற்காலிக்கும் போனவர் இழந்த நாற்காலிக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்லிவிட இயலாது. பழைய கணக்கைத் தீர்ப்பது நம்மால் ஆகாது. புதிய கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வது நம்மால் ஆகும்.

நம் சங்கத்திலும் ஆட்சிக் குழு உண்டு. ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. அக்குழுவில் இடம்பெறுவோர் யார்? உத்தியோகத்தில் உயர்ந்தவரும் கடை வைத்துச் செழித்தவரும் மட்டுமா? சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தமிழரும், கட்டட வேலைக்கு வந்து தங்கியுள்ள தமிழ்க் குடும்பத்தாரும் நம் ஆண்டு விழாவில் எந்த வரிசையில் அமர்கின்றனர்? அவர்தம் குழந்தைகள் நம் தமிழ் வகுப்புகளுக்கு வருகின்றனவா? வரவில்லையெனில், விருப்பம் இல்லாதவர் என்று விடை கூறிவிட்டு நாம் அமைதி கொள்ளலாகாது. அவ்விடையைத்தான் அன்று அரசும் கூறிற்று.

அடுத்த தேர்தலுக்கு முன் நம் அன்பர்கள் இதனைக் கருதுவாராக. நம் குழந்தைகள் டாக்டர் பல்புவின் பெயரை அறிந்து வளர்வாராக.